அடுப்பு பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம்!



ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால், நம் லால்குடிப் பக்கம் விறகெரிக்கும் வீடுகளில் காலை நேரத்தில் ஒரே புகைதான். ஊதாங்குழல் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும். கேஸ்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்திருக்கிறது. ஆனால் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விசேஷத்துக்குப் பெரிய அண்டா ஏற்றவும், சிலிண்டர் தீர்ந்து அடுத்ததற்குப் பணம் புரளும் வரைக்கும் விறகடுப்புதானே கை கொடுக்கிறது?

அடுப்பு பிடிக்காதபோது நாம் என்ன செய்கிறோம்? கேரி பேக்கைச் சுருட்டிக் கொளுத்துகிறோம், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் பாட்டிலைச் சாய்க்கிறோம். பிளாஸ்டிக் புகை விஷம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை எரிக்கவே கூடாது. மண்ணெண்ணெய் அதைவிட மோசம்.

"அணைஞ்சு போச்சுன்னு நெனச்சுத்தான் ஊத்துனேன்" என்று கையில் தழும்போடு சொல்லும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அணைந்தது சுடர்தான். உள்ளே தணல் இருக்கும். அதன் மேல் விழும் மண்ணெண்ணெய் உடனே ஆவியாகி, குப்பென்று பிடிக்கிறது. ஊற்றும் தாரை வழியாகவே தீ பாட்டில் வரை ஏறி வந்துவிடும். அந்த நேரம் பார்த்து நாம் பாலியஸ்டர் புடவையில் இருந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் பாட்டிமார்கள் மண்ணெண்ணெய்க்குக் காத்திருக்கவில்லை. ராத்திரியே வரட்டித் துண்டைத் தணலில் வைத்துச் சாம்பலால் மூடிவிடுவார்கள். காலையில் கிளறினால் நெருப்பு இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொட்டாங்குச்சியில் நெருப்பு வாங்கி வருவார்கள். தென்னை மரத்துப் பன்னாடையும் காய்ந்த பாளையும் எப்போதும் பரணில் கிடக்கும். மழைக்கு முன்பே இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிக் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். மருந்து எரிந்து முடிந்த பிறகும் தீ குச்சிக்குத் தாவுவது அந்த மெழுகால்தான். அதே வேலையைக் கொஞ்சம் பெரிய அளவில் நாமே செய்யலாம். நார் திரியாக நிற்கும், மெழுகு எரிபொருளாகும்.

முட்டை வரும் காகித அட்டை (பிளாஸ்டிக் அட்டை வேண்டாம்), மரத்தூள் அல்லது உதிர்த்துக் காயவைத்த தேங்காய் நார், வீட்டில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள். இவ்வளவுதான் தேவை. 12 குழிக்குச் சுமார் 200 கிராம் மெழுகு பிடிக்கும். குழிகளில் தூளை முக்கால் அளவு தளர்வாக நிரப்புங்கள். அழுத்தி அடைத்தால் மெழுகு உள்ளே இறங்காது.

மெழுகு உருக்கும்போதுதான் கவனம் வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு பழைய டப்பாவில் மெழுகைப் போடுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது, ஆகவே மெழுகு தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போகாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறிப் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சிதறும். தட்டைப் போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்வது உத்தமம்.

உருகிய மெழுகைத் தூளின் மேல் ஊற்றி, ஆறியதும் குழி குழியாக வெட்டி எடுங்கள். அடுப்பில் ஒரு துண்டை வைத்து, மேலே சுள்ளியோ மக்காச்சோளக் கட்டையோ காற்றுப் போக இடம் விட்டு அடுக்கி, அட்டையின் ஓரத்தில் தீ வையுங்கள். 8, 10 நிமிடம் நின்று எரியும். அதற்குள் கருவேல விறகு பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு விஷயம், நனைந்து சொட்டும் விறகை எந்த மந்திரத்தாலும் எரிக்க முடியாது. நாளைக்கு வேண்டிய விறகை இன்றைக்கே அடுப்பங்கரையில் ஒதுக்கி வையுங்கள்.

மெழுகு இல்லையா? விளக்கில் மிஞ்சிய எண்ணெயில் சின்ன வரட்டித் துண்டுகளை ஊறவைத்தாலும் போதும். கற்பூரம் சட்டென்று பற்றும், ஆனால் விறகு பிடிக்கும் முன்பே தீர்ந்துவிடும். காசும் தண்டம்.

"இதைச் செஞ்சு விக்கலாமா?" என்று கூட்டத்தில் உடனே கேட்பீர்கள். மிச்சம் மீதியில் செய்தால்தான் இது இலாபம். கடையில் மெழுகு வாங்கிச் செய்தால் கட்டுபடியாகாது. இதற்காக யாரும் உள்கடன் வாங்க வேண்டாம்!

கையைச் சுட்டுக்கொண்டால் பேஸ்ட், பேனா மை எதுவும் தடவாமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். காயம் பெரிதென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செய்த துண்டுகளை மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்ப்பதற்குப் பர்பி மாதிரியே இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊக்குநர்கள் ஆளுக்கு ஒரு முட்டை அட்டையும் வீட்டில் கிடக்கும் மெழுகுத் துண்டுகளும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே செய்து பார்ப்போம்.