வேலை போகவிருந்தது, கடை சொந்தமானது!

கேரளத்தில் ஜூன் 19-ந் தேதி தொடங்கி ஒரு வாரம் வாசிப்பு வாரம். 1945-ல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கண்ட பள்ளி ஆசிரியர் பி.என்.பணிக்கர், 1995-ல் மறைந்த நாள் அது.

வெளியே மழை. காலையில் வீட்டில் புட்டு, கடலைக்கறி. இரவில் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம். நடுவே ஒரு நாள், நூலகத்தில் புத்தகம் எடுத்த கையோடு நண்பர்கள் இந்தியன் காபி ஹவுசுக்குக் கிளம்புகிறார்கள்.

விசிறித் தலைப்பாகைக்காரர் கட்லெட் கொண்டு வருகிறார். பிட்டால் உள்ளே செக்கச் செவேல்! பீட்ரூட்! மசாலா தோசைக்குள்ளும் அதேதான். தமிழ்நாட்டு நாக்கு முதலில் திகைக்கும். இரண்டாவது வாயில் சமாதானமாகிவிடும்.

பரிமாறுகிறவர் யார்? கடை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் தொழிலாளி!

1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முற்பட்டது. ஊழியர்கள் நடுத்தெருவில் நிற்கும் நிலை. கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே.கோபாலன் துணை நின்றார். தொழிலாளர்களே சங்கம் அமைத்தனர். 1958-ல் திருச்சூரில் கடை திறந்தனர். வேலை போக இருந்தவர்கள், கடைக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்!

திருவனந்தபுரம் தம்பானூர்க் கடை இன்னும் வேடிக்கை. லாரி பேக்கர் கட்டியது. மாடிப்படியே கிடையாது, தளமே சுழன்று சுழன்று ஏறுகிறது. சரிவில் போட்ட மேசையில் ஒரு நண்பர் உரக்கப் படிக்கிறார். மற்றவர்களின் காபி ஆறுகிறது.