ஆசை இருக்கிறது, அடுத்த அடி எங்கே?

மும்பையில் சயானிலோ பக்கத்துத் தாராவியிலோ ஒரு பையனைக் கேட்டால், "பேங்க் பரீட்சை எழுதணும்" என்பான். எப்போது படிக்கிறாய் என்றால் பேச்சு நின்றுவிடும். சோம்பல் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறிக்கோளை மட்டும் வைத்திருப்பவர்களைவிட, 'இந்த நேரத்தில், இந்த இடத்தில் இதைச் செய்வேன்' என்று தீர்மானித்தவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்கும் பாரம் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். "நிறையப் படிக்கணும்" என்பது நழுவும். "ராத்திரி தட்டைக் கழுவி வைத்ததும் வட்டிக் கணக்கு பத்து" என்பது நழுவாது.

முழு வழியும் தெரியாமல் எப்படி இறங்குவது என்பார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து 1990-இல் மும்பைக்கு வந்த பிரேம் கணபதியைக் கூட்டிவந்தவர் பாந்த்ராவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மாகிம் பேக்கரியில் பாத்திரம் கழுவினார். 1992-இல் வாஷி ஸ்டேஷன் எதிரே இட்லி, தோசைத் தள்ளுவண்டி போட்டார். பின்னாளில் அவர் நடத்திய 'தோசா பிளாசா' உணவகங்கள் அன்று அவர் மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஜெயித்தவர் ஒருவரைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது, உண்மைதான். தள்ளுவண்டியோடு நின்றுபோனவர்களும் உண்டு. ஒற்றை அறையில் ஆறு பேரும் டிவியும் என்றால் எந்தத் திட்டமும் சுவரைத் தள்ளிவைக்காது. அது மனக்குழப்பமல்ல, இடப்பஞ்சம். ஆனால் 'டிவி போட்டால் வாசலில் உட்கார்ந்து படிப்பேன்' என்று அந்த இடைஞ்சலையும் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். கோல்விட்சர் சொல்வதும் இந்த மாதிரி 'இப்படியானால் இப்படி'யைத்தான்.