தாயம் போடுமுன் விதியைக் கேளுங்கள்!

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயம் ஆடும் வீடுகளில் சண்டை வந்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பிறந்த வீட்டு விதி வேறு, புகுந்த வீட்டு விதி வேறு!

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பித்தளைத் தாயக்கட்டை பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2. கட்டை இல்லாவிட்டால் ஆறு சோழி. அது 64 விதமாக விழும், தாயம் 6. அதாவது கட்டையில் எட்டு வீச்சுக்கு ஒரு தாயம். சோழியில் பத்துப் பதினொன்றுக்கு ஒன்று. காய் இறக்கவே சோழிக்காரர் அதிகம் காத்திருக்க வேண்டும்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் அல்லவா? கட்டையில் அது 16க்கு 6. சோழியில் 64க்கு வெறும் 14. சோழியில் கொட்டுவதெல்லாம் இரண்டு, மூன்று, நான்குதான்: 64க்கு 50! எனவே சோழி ஆட்டத்தில் எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்காதீர்கள். ஒட்டினாற்போல் அடுத்த கட்டத்தில் நிற்பது மேல். தாயம் விழுந்தால்தானே வெட்டு?

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சில வீடுகளில் ஒரு காயாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குள் போக முடியும். அந்த விதியில் நாலு காயையும் விரட்டிக்கொண்டு ஓடினால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஒரு காயைப் பின்னால் நிறுத்தி, வேட்டைக்கு விடுங்கள். வெட்டு கட்டாயமில்லாத வீட்டிலோ, ஓடுகிறவருக்கே பழம்.