ஆஸ்பத்திரிக் கணக்கைக் கேட்பார் யார்?

ஏழைகளுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் அளிக்க நமது தேசம் செய்த முயற்சிகளில் 2008-ஆம் வருஷத்து ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா புதுமையானது. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பம் ரூ. 30 கொடுத்துப் பதிந்துகொண்டால், ஐந்து பேருக்கு வருஷத்திற்கு ரூ. 30,000 வரை ஆஸ்பத்திரிச் செலவு ஏற்கப்பட்டது. கைரேகை அடங்கிய ஓர் அட்டையே போதும். எழுத்தறியாத கூலியாளும், பிழைக்கப் போன வெளி மாகாணத்திலே முன்பணமின்றிச் சிகிச்சை பெறலாம். இதனை அற்பமென்போர் ஏழையின் கஷ்டத்தை அறியாதவரே.

ஆயினும் அவ்வட்டையின் வழியே பணம் பெற்ற ஆஸ்பத்திரிகளைக் கண்காணித்தவர் யார்? தேவையின்றியே ஏழை ஸ்திரீகளின் கர்ப்பப்பை அறுத்தெடுக்கப்பட்டதாக 2012-இல் சத்தீஸ்கரில் புகார் எழுந்தது. பீஹாரிலும் ராஜஸ்தானிலும் இவ்வாறே கூறப்பட்டது. இழந்த அங்கத்தை எந்த இன்ஷூரன்ஸ் திருப்பித் தரும்? இதைத் தடுக்க வகுத்த நெறிகளை மூன்று மாதத்துக்குள் கைக்கொள்ளும்படி சுப்ரீம் கோர்ட் மாகாணங்களுக்கு உத்தரவிட்டது 2023 ஏப்ரலில்தான். அதற்குள் 2018-இல் ஆயுஷ்மான் பாரத் வந்து, குடும்பமொன்றுக்குரிய வரம்பு ரூ. 5 லக்ஷமாயிற்று.

சட்டம் தூங்கிற்று என்று சொல்வதற்கில்லை; ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தது. 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளை நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. முன்பே இருந்த வியாதிக்குக் காத்திருக்கும் காலத்தின் உச்சவரம்பை 2024-இல் நான்கு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் விடை கூறவேண்டும் என்றும் விதித்தது. இவை நல்ல விதிகள். ஆனால் ஒப்பந்தத்தின் மறுபுறம் நிற்கும் ஆஸ்பத்திரி இவ்வாணையத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அது கூட்டிப் போட்ட தொகையைக் கம்பெனி கொடுத்துவிட்டு, மறு வருஷம் பிரீமியத்தை உயர்த்துகிறது. உயர்ந்ததைக் கட்டுகிறவர் நாமே!

ஆஸ்பத்திரிகளுக்கென்று 2010-இல் மத்தியச் சட்டம் பிறந்தது. கட்டணங்களை யாவரும் காண எழுதி வைக்கவேண்டும், சர்க்கார் குறிக்கும் வரம்புக்குள் வாங்கவேண்டும் என்பது 2012-ஆம் வருஷத்து விதி. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கடிந்து கேட்ட வரையில் அவ்வரம்பு குறிக்கப்படவேயில்லை. நமது தமிழ்நாடோ 1997-லேயே தனிச் சட்டம் இயற்றிய பெருமையுடையது. அதற்கு விதிகள் எழுத 2018 வரை ஆயிற்று!

நாம் கேட்பது பெரிதன்று. புகார் வந்த மாத்திரத்தில் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பையும் கட்டணச் சீட்டையும் ஒருசேர வரவழைத்துப் பார்க்கும் அதிகாரமுள்ள உத்தியோகஸ்தர் ஒருவர் ஜில்லாதோறும் வேண்டும். சர்க்கார் பணமாயினும் பாலிசிதாரர் பணமாயினும், அவர் முன் ஆஸ்பத்திரி கணக்குக் காட்டட்டும்.