நீராவிக்கு நாடி பார்க்கும் கணினி

சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு எதிரே, கடலுக்கு அப்பால் இருக்கிறது பிறை. அங்கே ஒரு காலத்தில் எண்ணெயை எரித்து நீராவி எழுப்பி மின்சாரம் எடுத்தார்கள். 2016 முதல் 1,071 மெகாவாட் எரிவாயு நிலையம் ஓடுகிறது. அதிலும் நீராவி உண்டு. எரிவாயு டர்பைன் வெளியே விடும் சூட்டைக்கூட வீணாக்காமல், அதைக்கொண்டு ஆவி எழுப்பி இன்னொரு டர்பைனைச் சுழற்றுகிறார்கள்.

நீராவி என்றதும் தோட்டத்து வாசகர்களுக்குச் செம்பனை ஆலை பாய்லர் நினைவுக்கு வரும். நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து டர்பைனை ஓட்டி, மிச்ச ஆவியில் பழக்குலையை வேகவைக்கிறார்களே, அதே வித்தைதான். அனுபவப்பட்ட பாய்லர்காரர் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பெரிய நிலையத்தில் அந்தக் காது மட்டும் போதாது.

கண்டென்சரை எடுத்துக்கொள்வோம். டர்பைனை விட்டு வரும் ஆவியைக் கடல்நீர்க் குழாய்களின்மேல் படவிட்டுத் தண்ணீராக்கும் பாத்திரம் அது. ஆவி 40 பாகையில் குளிர்ந்தால், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய 14-இல் ஒரு பங்காகிவிடும். இந்த வெற்றிடம் கெட்டால் எரிபொருள் அதே அளவு எரியும், மின்சாரம் மட்டும் குறையும். சத்தம் ஏதும் கேட்காது.

இங்கேதான் கணினி வருகிறது. இன்றைய கடல்நீரின் சூடு இவ்வளவு, ஓடும் பளு இவ்வளவு என்றால் வெற்றிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உள்ளதோடு ஒப்பிடுகிறது. பிறகு காரணம் தேடுகிறது. கடல்நீர் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் உள்ள சூட்டு வித்தியாசம் கூடியிருந்தால், தண்ணீர் போதவில்லை. சிப்பியோ குப்பையோ அடைத்திருக்கலாம். வித்தியாசம் மாறாமல் ஆவியின் சூடு மட்டும் ஏறினால், குழாய்க்குள் பாசி படிந்திருக்கலாம். குளிர்ந்த நீரில் பிராணவாயு கூடியிருந்தால், எங்கோ காற்று நுழைகிறது.

பேராவின் மஞ்சோங் போன்ற நிலக்கரி நிலையம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் எரிக்கும். நூற்றில் ஒரு பங்கு வீணானாலும் பல பத்து டன் புகையாகப் போய்விடும்.

ஆனால் வெப்பமானி ஒன்று பொய் சொன்னால் கணினியும் அந்தப் பொய்யையே திருப்பிச் சொல்லும். அதனால் திரையில் எச்சரிக்கை வந்ததும் ஒருவர் கைவிளக்கோடு கீழே இறங்கிப் போகிறார். ஆலையில் மணிக்கு மணி அளவுகளைப் புத்தகத்தில் குறித்து, பாய்லர் தேர்வு எழுதித் தேறிய நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலை புதிதல்ல. புத்தகம் இருந்த இடத்தில் இப்போது திரை இருக்கிறது.