ஓய்வு பெறும் வயது எது? – 'அங்கிள் சூ' தரும் பாடம்

சிங்கப்பூரின் வடமேற்கே சுவா சூ காங் என்று ஒரு வட்டாரம். ஒரு காலத்தில் மிளகும் கேம்பியரும் பயிரான மண். பிறகு ரப்பரும் அன்னாசியும் வந்தன. அதன் பிறகு காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் வந்தன. இன்று எங்கு திரும்பினாலும் அடுக்குமாடி வீடுகள். அந்த வீடுகளுக்கிடையே ஒரு காற்பந்துத் திடல் இருக்கிறது. சிங்கப்பூர் ஆயுதப்படைக் காற்பந்துக் கழகம், அதாவது பின்னாளில் 'வாரியர்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்ட கழகம், பல ஆண்டுகள் அதையே தன் சொந்தத் திடலாக வைத்திருந்தது. 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிங்கப்பூர் லீக்கை வென்ற கழகம் அது.

அப்படிப்பட்ட திடல்களில் விளையாடுகிற பையன்களைத்தான் நாம் பார்ப்போம். கோட்டுக்கு வெளியே, கழுத்தில் ஊதல் தொங்க நிற்கும் மனிதரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவருக்குத் தலை நரைத்திருக்கும். முட்டியில் வலி இருக்கும். குழு வென்றால் பையன்களைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். தோற்றால், "பெரியவருக்கு வயசாயிடுச்சு, இன்னும் ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?" என்பார்கள்.

நம் தோட்டங்களிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. மாலையில் வேலை முடிந்ததும் திடலுக்கு வந்து பையன்களைச் சேர்த்து, கைக்காசில் பந்து வாங்கி, பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி ஏற்பாடு செய்தவர் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருந்திருப்பார். அவர் கிராணியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பால்மரம் வெட்டிய தொழிலாளியாகவும் இருக்கலாம். அவர் எப்போது விடைபெற வேண்டும்? அதை யார் அவரிடம் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது எனக்கு நினைவுக்கு வருகிற பெயர் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'அங்கிள் சூ' என்று அழைக்கப்பட்ட சூ செங் குவீதான் அவர்.

அறுபத்திரண்டு வயதில் ஒரு கிண்ணம்

1914-ல் பிறந்தவர் அங்கிள் சூ. இளமையில் தாமே காற்பந்து ஆடியவர். பிறகு பயிற்றுநரானார். 1958 முதல் மலாயாவின் தேசியக் குழு அவர் கையில் இருந்தது. 1958, 1959, 1960 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மெர்டேக்கா கிண்ணம் மலாயாவுக்குக் கிடைத்தது. மூன்றாவது முறை தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டோம். 1962-ல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வந்தது. கோல் அடிப்பதில் மன்னர் என்று பெயரெடுத்த அப்துல் கனி மின்ஹாட் ஆடிய காலம் அது.

அதன் பிறகு பல ஆண்டுகள் உருண்டன. சிங்கப்பூர் 1965-க்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. 1976-ல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் நடேசன் கணேசன் என்ற தமிழர். அவர் காலத்தில்தான் சங்கம் அங்கிள் சூவை மீண்டும் அழைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி 55 வயதில் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் அவரைத் திடலுக்கு அழைத்தே இருக்க மாட்டார்கள்.

அவர் கண்டிப்பானவர். பயிற்சித் திடலிலேயே ஆட்டக்காரர்களை 'மாஜுலா சிங்கப்பூரா' தேசிய கீதம் பாட வைத்தவர். பிள்ளைகள் அவருக்குப் பயந்தார்கள், அதே சமயம் அவர்மேல் உயிரையும் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் சமது அல்லாபிச்சை. மூலை உதையில் பந்தை வளைத்து அனுப்புவதில் பெயர் பெற்ற எஸ். ராஜகோபாலும் அதில் இருந்தார். 1977 மே மாதம் 28-ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் இறுதியாட்டம். எதிரே பினாங்கு. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் 3-2 என்று வென்றது. வெற்றி கோலை அடித்தவர் குவா கிம் சோங். பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது.

இங்கேயே கதையை நிறுத்தினால், 'வயதாவது ஒன்றாவது, மனம் இருந்தால் போதும்' என்று முடித்துவிடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

கால் கொடுத்த விலை

அங்கிள் சூவுக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. நம் குடும்பங்களில் அந்த நோய் இல்லாத வீடு எது? அதன் கொடுமை நமக்குத் தெரியும். நாள்பட்ட இனிப்பு நீர் காலின் நரம்பைக் கெடுக்கும். குத்தினாலும் வலி தெரியாது. ரத்த ஓட்டம் குறைவதால் சிறு காயம்கூட ஆறாது. புண் பெரிதாகும், சதை அழுகும். அவருக்கும் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் அழுகிப் போனது. கிண்ணம் கிடைத்த அதே 1977-ல் அவருடைய காலைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. 1983 ஜூன் 30-ஆம் தேதி, 68 வயதில் அவர் மறைந்தார்.

இப்போது சொல்லுங்கள், அவர் 1976-ல் வர மறுத்திருக்க வேண்டுமா? 'ஆம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் இல்லாமல் அந்தக் கிண்ணம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் அவர் செய்தது சரிதான் என்று கைதட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஒரு கிண்ணம் ஒரு மனிதனின் காலுக்கு ஈடாகாது.

நான் சொல்ல வருவது இதுதான். வயது ஒருவரை வெளியேற்றும் அளவுகோல் அல்ல. அறுபத்திரண்டு வயதில் அவர் மூளையும் கண்ணும் கூர்மையாகவே இருந்தன. ஆனால் எப்போது நிறுத்துவது என்ற முடிவை அவர் ஒருவர் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. கடமை உணர்வு மிகுந்தவர் தாமாக நிறுத்த மாட்டார். அவரைச் சுற்றி இருப்பவர்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த கை

அங்கிள் சூ போன பிறகு என்ன நடந்தது? சிங்கப்பூர்க் குழு 1978-லும் 1979-லும் இறுதியாட்டம் வரை போய்ச் சிலாங்கூரிடம் தோற்றது. அதன் பின் பொறுப்பு ஜீதா சிங்கிடம் வந்தது. அவர் முன்னாள் ஆட்டக்காரர். வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். "இந்தப் பையனா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1980-ல் அதே சிலாங்கூரை 2-1 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டு வந்தார்கள். வெற்றி கோலை அடித்தவர் இருபது வயதுகூட ஆகாத ஃபாண்டி அகமது. அங்கிள் சூவின் குழுவில் ஆடிய சமது அல்லாபிச்சை இந்தக் குழுவிலும் இருந்தார். அப்போதும் சங்கத்தின் தலைவர் கணேசன்தான்.

இதைக் கவனியுங்கள். ஒரே தலைவர் காலத்தில் அறுபதைத் தாண்டியவரையும் நம்பினார்கள், முப்பது வயதுக்காரரையும் நம்பினார்கள். இரண்டு முறையும் கிண்ணம் வந்தது. அந்தந்த நேரத்துக்குத் தேவையானவர் யார் என்று பார்த்தார்கள்.

சொல்ல முடியாத மனிதர்

அமெரிக்காவில் காற்பந்து என்பது வேறு ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். அங்கே பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழுவுக்கு ஜோ பட்டர்னோ என்பவர் 1966 முதல் தலைமைப் பயிற்றுநர். 2004-ல் பல்கலைக்கழகத் தலைவரே அவர் வீடு தேடிச் சென்று ஓய்வு பெறலாமே என்று கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவ்வளவு பெயர், அவ்வளவு செல்வாக்கு.

2011-ல் அவருடைய முன்னாள் துணைப் பயிற்றுநர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டது அம்பலமாயிற்று. அது பற்றிய புகார் ஒன்று பட்டர்னோவின் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. மேலதிகாரிகளிடம் சொன்னதோடு அவர் விட்டுவிட்டார். அதே ஆண்டு நவம்பரில், 84 வயதில், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2012 ஜனவரியில் இறந்தும் போனார். அந்தத் துணைப் பயிற்றுநர் குற்றவாளி என்று 2012-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வயதானவர் தவறு செய்வார் என்பதல்ல இதன் பாடம். ஒரு மனிதர் மிக நெடுங்காலம் ஒரே நாற்காலியில் இருந்தால், அவரைச் சுற்றியுள்ளவர்கள் பேசப் பயப்படுவார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் பாதிக்கப்படுவது பிள்ளைகள். பெற்றோர்களாகிய நாம் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் அலெக்ஸ் பெர்குசன் கதை வேறு விதம். 2002-ல் ஓய்வு பெறுவதாக முன்கூட்டியே அறிவித்தார். மனைவியும் பிள்ளைகளும் "வேண்டாம், தொடருங்கள்" என்று சொல்லவே மனம் மாறினார். அதன் பிறகு ஆறு முறை லீக் கிண்ணத்தை வென்று, 2013-ல் வெற்றியாளராகவே 71 வயதில் விடைபெற்றார். குடும்பத்தார் பேச்சைக் கேட்டது வீண் போகவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர் பத்து மாதம்தான் தாக்குப்பிடித்தார். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கழகத்துக்கு லீக் கிண்ணம் திரும்ப வரவில்லை. நன்றாக விடைபெறுவது பாதி வேலைதான். பின்னால் வருபவர் நிற்க இடம் செய்து வைப்பது மறுபாதி.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அலுவலகத்திலும் பள்ளியிலும் இந்தத் தொல்லை குறைவு. மலேசியாவில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் அது 2022 ஜூலையில் 63 ஆனது. தேதி வந்தால் கடிதம் வரும், மாலை போடுவார்கள், வீட்டுக்குப் போகலாம். ஆனால் திடலில் சம்பளம் வாங்காமல் பையன்களைப் பழக்கும் பெரியவருக்கு எந்தக் கடிதமும் வராது. ஆகவே வயதைக் கேட்காமல் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, உடம்பு தாங்குகிறதா? மருத்துவரிடம் போக வேண்டிய நாளில் திடலுக்குப் போகிறாரா? அப்படியானால் அது தியாகம் அல்ல, ஆபத்து.

இரண்டு, பிள்ளைகள் அவரிடம் விருப்பத்தோடு போகிறார்களா? புதிதாக வந்த பையனின் பெயர் அவருக்குத் தெரிகிறதா? அல்லது பழைய ஆட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாரா?

மூன்று, அவர் இரண்டு வாரம் படுத்துவிட்டால் பயிற்சியை நடத்த ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால், அவர் எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்.

நான்கு, அவரிடம் "இது சரியில்லை, ஐயா" என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது உண்டா?

இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் எழுபது வயதானாலும் அவர் இருக்கட்டும். இல்லையென்றால் ஐம்பதிலும் யோசிக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது?

சொல்லும் முறைதான் முக்கியம். ஆட்டம் தோற்ற அன்று சொல்லக் கூடாது. முதுகுக்குப் பின்னால் கூட்டம் போட்டு முடிவெடுக்கக் கூடாது. ஓராண்டு முன்னதாகவே, வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேச வேண்டும். "ஐயா, அடுத்த வருஷம் தம்பி ஒருத்தரை நீங்களே தயார் பண்ணுங்க" என்று கேட்டால் எந்தப் பெரியவரும் முகம் சுளிக்க மாட்டார். ஊதலைப் பறிப்பதும் கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல.

அதன் பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தப் பழக்கலாம். ஆட்டத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லலாம். ஒரு மாலையும் ஒரு சால்வையும் போட்டுவிட்டு மறுநாளிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டால், அதற்குப் பெயர் ஓய்வு அல்ல, ஒதுக்குவது.

வீட்டில் உள்ள பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவரின் காலை அன்றாடம் பார்ப்பவர்கள் நீங்கள்தான். விரலிடுக்கில் புண் இருக்கிறதா, பாதம் நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இறுதியாட்டமே இருந்தாலும் சரி, அது அவர் இல்லாமலும் நடக்கும்.

உங்கள் தோட்டத்திலோ பட்டணத்துக் குடியிருப்பிலோ இப்படி ஒரு பெரியவர் இருக்கிறாரா? இந்த வாரமே ஒரு முறை போய்ப் பாருங்கள். குழுவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.