நாலு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்கு வராது. ஷிப்டுக்கு இவ்வளவு என்பார். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. கன்டெய்னர் கிளம்ப வேண்டிய வாரமென்றால் அதையும் தாண்டும். பள்ளிக்கூடம் விடுவதோ நாலு, நாலேகாலுக்கு. புத்தகப் பையோடு லைன் வீட்டுக்குத் திரும்பும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதவில் பூட்டுத்தான் தெரியும். சாவி பக்கத்து வீட்டிலோ மீட்டர் பெட்டியின் மேலோ இருக்கும். “அக்கா, எங்கம்மா இன்னைக்கு ஒன்னரையா?” என்று அந்தப் பிள்ளை கேட்பது மணி கேட்பதற்குச் சமம். பதில் “ஆமாம்” என்றால், அடுத்த நாலு மணி நேரம் அது எங்கே இருக்கும்?

சென்ற வாரம் ரோஜர் ஹார்ட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 86 பிள்ளைகளின் பின்னாலேயே நடந்து, யார் எதுவரை தனியாகப் போகலாம், எதுவரை கேட்டுக்கொண்டு போகலாம், எங்கே போகவே கூடாது என்று வரைபடமாகப் போட்டவர். 1979இல் அது புத்தகமானது. ஆண் பிள்ளைக்கு விட்ட தூரம் பெண் பிள்ளைக்கு விடப்படவில்லை என்பதை அளந்தே காட்டினார். அவருடைய அளவுகோலைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தால் முதல் வேலையிலேயே சிக்கல். வெர்மாண்டில் “போகலாமா?” என்று கேட்க வீட்டில் ஒருத்தர் இருந்தார். இங்கே அனுமதி தர வேண்டியவர் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

திருப்பூரைப் பற்றி ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரத்துக்குக் கிடைக்காத அளவு வெளிநாட்டு அறிஞர்கள் இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். விவசாயக் கூலியும் குடியானவனும் பனியன் முதலாளியான கதையைச் சரத் சாரி ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ (2004) என்ற நூலில் விரிவாக எழுதினார். குழந்தைகள் அந்த நூலின் பொருளல்ல. அவர்களுக்கு இன்னும் நெருக்கமாக வருபவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகப் புவியியலாளர் கிரேஸ் கார்ஸ்வெல். மானுடவியலாளர் கேர்ட் டி நெவ்வோடு சேர்ந்து திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் 2016இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, வேலை குறித்த போராட்டங்கள் வீட்டில்தான் நடக்கின்றன என்கிறது. ஒரு பெண் டவுன் கம்பெனிக்குப் போவதா, கிராமத்திலேயே இருக்கும் சின்ன யூனிட்டுக்குப் போவதா, வீட்டில் உட்கார்ந்து பீஸ் வேலை செய்வதா என்பதைக் கூலி மட்டும் தீர்மானிப்பதில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு, பிள்ளை பள்ளிக்குப் போகும் வயது, கணவனின் சொல், எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அவரும் டி நெவ்வும் 2013இல் நூறு நாள் வேலையைப் பற்றி எழுதியதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். கம்பெனியைவிடக் கூலி குறைவானாலும் பெண்கள் அதை விரும்பியதற்கு ஒரு காரணம், வேலை ஊருக்குள்ளேயே இருந்தது.

கைக்குழந்தைக்காரி எவ்வளவு தூரம் போவாள் என்பதைக் குழந்தைதான் முடிவு செய்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். கம்பெனி வேன் எந்தெந்த ஊருக்குள் நுழைகிறது என்பதற்கும் அதில் பங்குண்டு. ஆனால் இந்த ஆய்வுகளில் குழந்தை, தாயின் காலில் கட்டிய கயிறாகத்தான் தென்படுகிறது. கயிற்றின் மறுமுனையில் இருப்பது என்ன பார்க்கிறது என்று யாராவது எழுத வேண்டும்.

அதை ஒருமுறை பெங்களூரில் செய்தார்கள். 1970களில் நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் யுனெஸ்கோ ஆதரவில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து பிள்ளைகளைத் தங்கள் இடங்களை வரையச் சொன்ன திட்டத்துக்கு, 1990களின் நடுவில் லூயிஸ் சாவ்லா மறுபடி உயிர் கொடுத்தார். இரண்டாம் சுற்றில் பெங்களூரின் சத்யநகர் குடிசைப் பகுதியும் சேர்ந்தது. அங்கே வேலை செய்தவர்கள் காஞ்சன் பானர்ஜியும் டேவிட் டிரிஸ்கெல்லும். தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் அல்லாடிய அந்தப் பிள்ளைகள், தங்கள் தெருவைப் பற்றி மெல்போர்ன் புறநகர்ப் பிள்ளைகளைவிட நிறைவாகப் பேசினார்கள். ஏழ்மையில் இன்பம் என்று இதைச் சினிமாத்தனமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனக்குப் படுவது வேறு. சத்யநகரில் வாசலுக்கு வந்தால் தெருவில் ஆள் இருந்தார்கள்.

திருப்பூர் லைன் வீடுகளில் வறுமை சற்றுக் குறைவாகக்கூட இருக்கலாம். பகலில் ஆள்தான் இல்லை. பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாய், கோடியில் கழிப்பறை, நடுவில் கொடிக்கயிறு கட்டிய சந்து. எட்டரைக்கு அந்தச் சந்து காலியாகிவிடும். தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ ஓர் அம்மாச்சி வந்து தங்கியிருந்தால் அந்தக் காம்பவுண்டுக்கே அதிர்ஷ்டம். சாயந்திரம் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்தான் காவல். அம்மாச்சி வர முடியாத வீட்டில் பிள்ளை அம்மாச்சியிடம் போய்விடுகிறது. அப்பா அம்மா திருப்பூர் வேலம்பாளையத்தில், பிள்ளை தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பக்கம். ஒரே குடும்பத்தின் வீடு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தீபாவளி போனஸ் வாங்கி, சிறப்புப் பேருந்தில் இடித்துக்கொண்டு போனால்தான் வீட்டின் இரண்டு பாதியும் ஒன்று சேரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் பல மடங்கு. அவர்கள் வீட்டில் மளிகைக் கடைக்காரரிடம் தமிழ் பேசிக் கணக்கு முடிப்பது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைதான்.

ஹார்ட் பார்த்த பிள்ளைகளை இழுத்த இடங்களில் தண்ணீர் முக்கியமானது. திருப்பூருக்கு நடுவே நொய்யல் ஓடுகிறது, ஜம்மனை ஓடை வந்து கலக்கிறது. இரண்டிலும் கால் வைக்காதே என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். சாயக் கழிவு காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு சுத்திகரிப்பில் கண்டிப்பு கூடியது. அதற்காக ஆறு விளையாட்டிடமாகத் திரும்பிவிடவில்லை. வடக்கே நஞ்சராயன் குளம் 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்கு இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

மனிதப் பிள்ளைகளுக்குச் சட்டம் எந்த இடத்தைக் காட்டுகிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, 1976 திருத்தத்துக்குப் பிறகு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். பனியன் தொழிலில் ஆர்டர் ஒரு பெரிய கம்பெனிக்கு வரும். தையல், செக்கிங், பிசிறு வெட்டுதல் என்று ஜாப் ஒர்க்காகச் சிதறும். சிதறிப் போன இடத்தில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். எண்ணிக்கை எட்டாததால் காப்பகமும் எட்டாது.

காப்பகம் இருக்கும் பெரிய கம்பெனியிலும் ஆறு வயது முடிந்தால் சட்டம் கையை விட்டுவிடுகிறது. அதன் பிறகு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு. பள்ளிக்கூடம் நாலு மணி வரை பார்த்துக்கொள்கிறது. மிச்சத்தை டியூஷன் சென்டர்கள் பார்க்கின்றன. கம்பெனித் தெருக்களில் மாடிப்படிக்கு மாடிப்படி தொங்கும் டியூஷன் போர்டைக் கல்வி ஆர்வம் என்று பாராட்டுகிறவர்கள், அங்கே போய் எட்டு மணிக்கு எட்டிப் பார்க்கட்டும். கட்டணம் கட்டி வாங்குவதில் பாதி பாடம், பாதி பாதுகாப்பு.

டியூஷனுக்குக் காசில்லாத வீட்டுக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் பீஸ் மூட்டை வந்து இறங்குகிறது. அம்மா பிசிறு வெட்டுகிறாள், பிள்ளையும் ஒரு கத்தரியை எடுத்துக்கொள்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயதுக்குக் கீழே வேலையையே தடுக்கிறது. கூடவே, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறது. அதே கத்தரி, அதே பீஸ், அதே விரல். கம்பெனிக்குள் குற்றமாவது வீட்டுத் திண்ணையில் உதவியாகத் தேறிவிடும். மூட்டை கொண்டுவந்தவரின் தொழில் எப்படி அந்த வீட்டின் குடும்பத் தொழிலாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும் அதிகச் செலவு பிடிக்காத வழி ஒன்று கையருகே இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் கட்டடமும் மைதானமும் நாலரைக்குப் பூட்டப்படுகின்றன. அவற்றை இரவு எட்டரை வரை திறந்து வைக்க, ஊருக்கு நாலைந்து அம்மாச்சிகளுக்குச் சம்பளம் போட்டால் போதும். ஏற்றுமதியாளர் சங்கம் நினைத்தால் ஒரு சீசனில் தொடங்கிவிடலாம். எங்கே தொடங்குவது என்பதைப் பிள்ளைகளிடமே ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். லிஞ்ச் செய்ததும் அதைத்தான்.

அடுத்த வாரம் பல்லடம் பக்கம் போகலாம். அங்கே தறிக் குடோனும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனால் கூப்பிட்டால் காதில் விழாது.